கலியாண நாளில் ஒரு தாரா வேட்டை

1

எங்கள் முப்பதாவது கலியாண நாளன்று மாலை நான் ஒரு காட்டுத் தாராவைச் சுட்டேன். அந்த நேரத்தில் என் கணவர் அறுபது கிலோமீற்றருக்கு அப்பால், பிரெடெரிசியாவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், பட்டு வேட்டியும் சால்வையுமாக நின்று, நூற்றிச்சொச்சம் விருந்தினர்களிடம் "மனிசி இப்ப வந்திடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் உடனே எனக்கு விசர் என்று முடிவு கட்டவேண்டாம். அப்படி முடிவு கட்ட இதைவிட நல்ல காரணங்கள் பின்னால் வருகின்றன.

நாங்கள் இருப்பது கிரின்ஸ்டெட் என்ற சின்னப் பட்டினத்தில். பஸ் எப்போதாவது வரும். கார் இல்லாதவன் கால் இல்லாதவன். இவர் தொழிற்சாலையில் வேலை, நான் முதியோர் இல்லத்தில். ஒரே மகன் நிரோஷன். இருபத்தாறு வயது. வேட்டைக்காரன். டென்மார்க்கில் தாரா வேட்டை, அதுதான் காட்டு வாத்து வேட்டை, தொடங்குவது செப்டெம்பர் முதலாம் திகதி. எங்கள் கலியாண நாளும் செப்டெம்பர் முதலாம் திகதி. நாள் வைத்த சாத்திரியார் ராகு, கேது எல்லாம் பார்த்தார். தாராவைப் பார்க்க மறந்துவிட்டார்.

ஒவ்வொரு கலியாண நாளுக்கும் வீடு நிறையச் சனம் வரும், மகன் மட்டும் மூன்று வருடமாக வரவில்லை. மற்ற நாட்களில் வருவான். மேசையில் இருந்து ரெலிபோனைப் பார்ப்பான். நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வான். போகும்போது புட்டைக் கட்டிக்கொண்டு போவான். அவனிடம் மிஞ்சியிருந்த தமிழ் "அம்மா" என்ற ஒரு சொல்லும், சாப்பாட்டுப் பெயர்களும்தான் என்று நினைத்திருந்தேன்.

இந்த முறை முப்பதாவது என்பதால் இவர் மண்டபம் எடுத்து, மைக்செற் எடுத்து, எல்லாருக்கும் சொல்லியும் விட்டார். திகதியை மாற்றலாமா என்று கேட்டேன்.

"தாராவுக்காக நான் கலியாண நாளை மாத்துறதோ?" என்றார்.

மகனிடம் ஒரு நாள் பிந்திப் போனால் என்ன என்று கேட்டேன். "அம்மா, தொடக்க நாள் ஒரு நாள்தான்" என்றான், டெனிஷில். இரண்டும் ஒரே அச்சு. ஒன்று வேட்டி கட்டுகிறது, மற்றது சப்பாத்து மாட்டுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு அந்த நாளில் என் பிள்ளை பக்கத்தில் நிற்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம், நகை வேண்டாம், கேக்கும் வேண்டாம். சரி, நான் உன்னோடு குளத்துக்கு வந்து சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன். அவன் சிரித்தான். குளத்தங்கரையில் வேலை இல்லாதவர்களுக்கு இடமில்லையாம். சுடுகிறவர் நிற்கலாம், நாய் நிற்கலாம். நான் இரண்டுமில்லை. நாயாக முடியாது என்பதால் மற்றதைப் பழகுவது என்று ஏப்ரல் மாதத்தில் முடிவெடுத்தேன்.

2

இந்த நாட்டில் துவக்கை எடுத்துக்கொண்டு நினைத்த குளத்தில் இறங்க முடியாது. முதலில் வகுப்பு, பிறகு எழுத்துப் பரீட்சை, பிறகு களிமண் தட்டுச் சுடும் பரீட்சை, அதற்குப் பிறகுதான் வேட்டை அனுமதி. எங்கள் நாட்டில் துவக்குக் கிடைப்பதற்கு இவ்வளவு படிப்பு வைத்திருந்தால் நான் இன்றைக்குச் சாவகச்சேரியில் இருந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பழக்குவதற்கு யாரைக் கேட்பது? பட்டினத்து வேட்டைச் சங்கத்தில் வசந்தத்திலும் கோடையிலும் கிழமைக்கு ஒரு மாலை தட்டுச் சுடும் பயிற்சி நடக்கும். பழக்குகிற பிள்ளையின் பெயர் லீனே. பகலில் சுப்பர்மார்க்கெட்டில் இறைச்சி வெட்டுகிறாள். என் மகனோடு மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருப்பதும் அவள்தான். இவரைப் பொறுத்தவரை அப்படி ஒரு பிள்ளை உலகத்தில் இல்லை. உலகத்தில் இல்லாத அந்தப் பிள்ளையிடம் நான் கிழமைக்கு ஒருதரம் கோழி வாங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நான் யாரென்று தெரியும், எனக்கு அவள் யாரென்று தெரியும். இரண்டு பேரும் கோழியைப் பற்றி மட்டும் கதைப்போம்.

அன்றைக்கு அவள் கோழியைச் சுற்றும்போது கேட்டேன்.

"லீனே, எனக்குச் சுடப் பழக்குவாயா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "யாரை?" என்று கேட்டாள்.

டெனிஷில் பிரதமரும் நீ, நாயும் நீ, மாமியும் நீ. ஆகவே அவள் என்னிடம் கதைப்பதை நான் அப்படியே எழுதுகிறேன். யாரும் அவளை மரியாதை தெரியாதவள் என்று நினைக்கவேண்டாம். மகனுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். "நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவன் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்றாள். அந்த வீட்டிலும் அப்படித்தானா என்று மனதுக்குள் கொஞ்சம் சந்தோசப்பட்டேன்.

எழுத்துப் பரீட்சைக்குப் பறவைகள் பாடம். எதைச் சுடலாம், எதைச் சுட்டால் மறியலுக்குள் போகவேண்டும். தாராவிலேயே எத்தனையோ சாதி. டெனிஷில் தாராவுக்குச் சொல்லும் சொல்லும் ஆவிக்குச் சொல்லும் சொல்லும் என் வாயில் ஒன்றாகத்தான் வரும். ஆகவே முதியோர் இல்லத்தில் ஒரு மாதமாக நான் ஆவி வேட்டைக்குப் படிக்கிறேன் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை. பிறநாட்டு மதம் ஏதோ என்று மரியாதையாக விட்டிருக்கிறார்கள்.

வீட்டில் படத்தைக் காட்டி இவரிடம் "இது என்ன?" என்றால் "தாரா" என்பார். அடுத்தது? "அதுவும் தாரா." அன்னத்தைக் காட்டினேன். "பெரிய தாரா" என்றார். என்னத்துக்குப் படிக்கிறேன் என்று சொன்னேன்.

"முப்பதாம் வருசத்திலை மனிசி துவக்கு எடுக்கிறா," என்றார். "அப்ப எடுத்திருந்தாலாவது ஊரிலை ஒரு மரியாதை இருந்திருக்கும்."

3

களிமண் தட்டு என்பது கையளவு. செம்மஞ்சள் நிறம். டெனிஷ்காரர் அதைக் களிமண் புறா என்கிறார்கள். ஒரு பொறி அதைத் தூக்கி எறியும். அது ஒருதரம் நேரே போகும், ஒருதரம் குறுக்கே போகும், ஒருதரம் தலைக்கு மேலால் வரும். தாரா எப்படியெல்லாம் பறக்குமோ அப்படியெல்லாம் இதுவும் பறக்கும். ஒரே ஒரு வித்தியாசம், தாரா பயந்து பறக்கிறது, இது பயமில்லாமல் பறக்கிறது. பயமெல்லாம் சுடுகிற ஆளுக்கு.

லீனே சொல்லித் தந்தது எழுதினால் நாலு வரி. இடது கால் முன்னே. துவக்கின் அடிக்கட்டை தோளில் இறுக்கமாக, கன்னம் கட்டையில். குழாயைப் பார்க்காதே, தட்டைப் பார், இரண்டு கண்ணாலும் பார். தட்டுக்குப் பின்னால் தொடங்கு, அதை முந்திப் போ, முந்தும்போது விசையை இழு, இழுத்த பிறகும் துவக்கை நிற்பாட்டாதே. சன்னம் போய்ச் சேரும் நேரத்தில் தட்டு பழைய இடத்தில் இருக்காது.

முதல் மாலை ஒன்றும் விழவில்லை. இரண்டாம் மாலையும் அப்படித்தான். நான் தட்டு இருந்த இடத்தைச் சுட்டேன். சுட்டவுடன் துவக்கை நிற்பாட்டி, விழுந்ததா என்று எட்டிப் பார்த்தேன். சோறு வெந்ததா என்று பார்க்கிற பழக்கம். தட்டுகள் எல்லாம் முழுசாகப் போய்ப் புல்லில் இறங்கின. லீனே அவற்றைப் பொறுக்கி வந்து மறுபடியும் பொறியில் வைத்தாள். சங்கத்துக்கு என்னால் நட்டம் வரவில்லை என்று ஆறுதல் சொன்னாள்.

துவக்கு மட்டும் என்னை விடாமல் அடித்தது. கட்டையைத் தோளில் இறுக்காமல் மரியாதையாகத் தள்ளிப் பிடித்திருந்தேன். அது ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் வந்து இடித்தது. மூன்றாம் கிழமை என் தோள் கத்தரிக்காய் நிறம். முதியோர் இல்லத்தில் உடுப்பு மாற்றும் அறையில் என்னோடு வேலை செய்யும் பிள்ளை கண்டுவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் ஊற்றித் தந்தார்.

"ராணி, வீட்டில் எல்லாம் சரியா?"

"ஓம், சரி."

"இங்கே நீ எதையும் சொல்லலாம். யார் அடித்தது?"

"துவக்கு" என்றேன்.

அந்த மனுசியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மேசை லாச்சியைத் திறந்து ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் எடுத்துவிட்டார். வீட்டு வன்முறைக்குள் அகப்பட்ட பெண்களுக்கு எங்கே போன் எடுக்கலாம், எந்த வீட்டில் தங்கலாம், எல்லாம் ஐந்து மொழியில். நான் தாரா, களிமண், கலியாண நாள் என்று விளங்கப்படுத்தினேன். கலியாண நாள் என்றதும் அவருக்கு இன்னும் கூடச் சந்தேகம் வந்தது. கடைசியில் லீனேக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் நம்பினார். அதற்குப் பிறகும் என் கணவர் எப்போதாவது என்னைக் கூட்டிப்போக வந்தால் அந்த மேலாளர் ஜன்னலில் நின்று அவரை ஒரு மாதிரிப் பார்ப்பார். இவர் பாவம், அது தன்னுடைய புதுத் தொப்பிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

4

ஆனால் நான் தவறவிட்டதற்கு உண்மையான காரணம் காலோ தோளோ அல்ல. அதை லீனே ரெலிபோனில் படம் பிடித்துக் காட்டினாள். விசையை இழுக்கிற அந்தக் கணத்தில் என் இரண்டு கண்ணும் இறுக்கி மூடியிருந்தன.

"ஒரு கண்ணை மூடுகிறவர்களைத் திருத்தியிருக்கிறேன்," என்றாள். "இரண்டையும் மூடுகிற ஆளை இப்போதுதான் காண்கிறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் தலைமுறைக்குத் துவக்குச் சத்தத்தின் சாதி குலம் எல்லாம் தெரியும். எது போகிற சத்தம், எது வருகிற சத்தம் என்று சோற்றுக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொல்லுவோம். ஆனால் உடம்பு வேறு. காது பிரித்துப் பார்க்க முதல் உடம்பு சுருண்டுவிடும். எங்கள் கடல்நீரேரிக்கு மார்கழியில் ஆயிரக்கணக்கில் தாராக்கள் வந்து இறங்கும். நான் அவற்றில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. அந்த வயதில் நாங்கள் வானத்தைப் பார்த்தது குண்டு போடுகிறவன் வருகிறானா என்றுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதையெல்லாம் லீனேயிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கு விளங்கியது இவரால்.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை இவர் தானும் வருகிறேன் என்றார். வேடிக்கை பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும். நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு வந்து, சங்க வீட்டுக்குள் மேசையில் இருந்து, அவர்கள் தந்த கோப்பியையும் கேக்கையும் எடுத்துக்கொண்டார். வெளியில் யாரோ சுட்டார்கள். அடுத்த கணம் கதிரையில் இவரைக் காணவில்லை. மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்தார். ஒரு கையால் தலையை மூடியபடி. மற்றக் கையில் கேக், சிந்தாமல்.

நான் வாசலில் நின்றபடி சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தால் அவருடைய உதடு நடுங்குகிறது. டெனிஷ்காரர் எல்லாரும் எழுந்து நின்று என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பியைப் பார்த்தார்கள். லீனே மட்டும் வந்தாள். முழங்காலில் இறங்கி மேசைக்கு அடியில் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய கறுப்பு நாய் பஸ்ஸேயும் போய் அவருடைய காலடியில் படுத்தது.

"இங்கே நல்ல இடம்," என்றாள். "சத்தம் குறைவு."

இவர் கேக்கை இரண்டாகப் பிய்த்து அவளுக்கு ஒரு பாதி கொடுத்தார். சுட வேண்டியவர்கள் எல்லாரும் அதுவரைக்கும் சுடாமல் வெளியே காத்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும்போது காரில் இவர் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"எந்தப் பிள்ளை?"

"அது ஆரெண்டு எனக்கு விளங்கும்," என்றார்.

5

கண்ணைத் திறந்து வைக்க லீனே பல வழி பார்த்தாள். காதுமூடியை மாற்றினாள். தோட்டா இல்லாத வெறும் துவக்கால் பழக்கினாள். ஒன்றும் சரிவரவில்லை. எழுத்துப் பரீட்சை ஏற்கெனவே பாஸ், ஜூன் கடைசியில் சுடும் பரீட்சைக்குப் போனேன். அன்று காலை அவள் வேட்டைக்காரரின் வாழ்த்தைச் சொன்னாள். அதைத் தமிழில் சொன்னால் "முறியட்டும், உடையட்டும்" என்று வரும். நல்ல காரியத்துக்குப் போகும்போது எங்கள் ஆட்கள் கேட்டால் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அன்றைக்கு ஒன்றும் உடையவில்லை. பரீட்சை வைத்தவர் மிகவும் பண்பானவர். என் கையைக் குலுக்கி, காற்று நல்ல வேகம் என்றார். இலைகூட அசையவில்லை.

அடுத்த கிழமை பயிற்சியில் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம். அன்று மத்தியானம்தான் மகன் போன் எடுத்து, கலியாண நாளுக்கு வரமாட்டேன், ஆனால் பரிசு வாங்கி அனுப்புகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டிருந்தான். எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற அந்த மிசின் எனக்கு வேண்டுமாம், அவனே தெரிவுசெய்தும் வைத்திருக்கிறான். எனக்கு மகன் வேண்டும் என்றால் மிசின் தருகிறான்.

பொறி தட்டை எறிந்தது. அது இடமிருந்து வலமாக ஒய்யாரமாகப் போகிறது. என் வாயிலிருந்து தன்பாட்டில் வந்தது.

"எங்கையடா போறாய்? ஆரைக் கேட்டுப் போறாய்? நில்லடா நாயே, உன்னைப் பெத்தவள் இஞ்சை நிக்கிறாள், நீ..."

தட்டு நடுவானில் தூளாகியது.

லீனே காதுமூடியைக் கழற்றினாள். "என்ன சொன்னாய்?"

"ஏசினேன்."

"இன்னொருதரம் ஏசு."

ஏசினேன். அடுத்த தட்டும் போயிற்று. படத்தில் பார்த்தால் இரண்டு கண்ணும் முழி பிதுங்கத் திறந்திருந்தன. இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு அல்ல. ஒரு ஆளை ஏசும்போது எந்த யாழ்ப்பாணத்து மனுசியும் கண்ணை மூடியதில்லை. மூடினால் ஏச்சுப் படுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? தட்டு போகிற போக்கிலேயே வாயும் போகும், வாய் போகிற போக்கில் துவக்கும் போகும், நிற்பாட்டச் சொன்னாலும் நிற்காது. அன்று மாலை நான் மூன்று தலைமுறைக்குக் கணக்குத் தீர்த்தேன். பிள்ளைக்கு ஏசி முடிய, குண்டு போட்டவனுக்கு ஏசினேன். பிறகு எனக்குப் படிப்பை நிற்பாட்டிய மூத்த அண்ணைக்கு. கடைசித் தட்டு சாத்திரியாருக்கு.

ஓகஸ்டில் மறுபடி பரீட்சை. சுடுவதற்கு முன் தூரம் சொல்லவேண்டும். மரத்தில் செய்த மிருகங்களை அங்கங்கே வைத்திருப்பார்கள், எது சுடக்கூடிய தூரம், எது இல்லை என்று சொல்லவேண்டும். மீற்றர் என் மண்டையில் ஏறாது. ஆனால் முதியோர் இல்லத்து நடைபாதை எனக்குக் காலில் இருக்கிறது. மருந்து அறையிலிருந்து அந்தக் கடைசித் தொங்கல் கதவுவரை இருபத்தைந்து மீற்றர். அதற்கு இந்தப் பக்கம் சுடலாம், அந்தப் பக்கம் சுட்டால் பறவையைக் காயப்படுத்தி அலைய விடுவதுதான். எல்லாவற்றையும் நடைபாதையில் நிறுத்திப் பார்த்து ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னேன்.

பிறகு சுட்டேன், ஏசிக்கொண்டு. பரீட்சை வைத்தவர் பழைய அதே பண்பான மனிதர். தட்டுகள் போதுமான அளவு உடைந்தன. முடிவில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "அது பிரார்த்தனையா?"

"ஓம்," என்றேன்.

6

பாஸானதை மகனுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். "அம்மா, உனக்கு மண்டை பழுது," என்றான் டெனிஷில். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னான். முதலாம் திகதி குளத்துக்கு வா என்று அவனே கூப்பிட்டான்.

இவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். அழைப்பில் விழா ஆறு மணிக்கு என்று இருக்கிறது. எங்கள் சனம் எட்டுக்கு முதல் வராது. ஒன்பதுக்கு முதல் சாப்பாடு திறக்க முடியாது, கேக் வெட்டப் பத்தாகும். தாரா இறங்குவது சூரியன் மறையும் நேரம், எட்டு மணிக்குப் பின். டெனிஷ் தாரா டெனிஷ் நேரத்துக்கு வரும், தமிழ்ச் சனம் தமிழ் நேரத்துக்கு வரும், இடையில் எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓட்ட இருக்கிறது. இவர் என் பட்டுச் சேலையை மடித்து, சட்டையோடும் நகையோடும் ஒரு பையில் போட்டுத் தந்தார். எல்லாம் வைத்தவர் பாவாடையை மறந்துவிட்டார்.

குளம் லீனேயின் தகப்பனுடைய காணியில். ஒரு கரையில் நானும் மகனும், மறுகரையில் லீனேயும் பஸ்ஸேயும். நாணலுக்குள் ஈரம். பக்கத்தில் என் பிள்ளை நிற்கிறான். அவனுடைய ஜக்கெற்றில் மரத்தூள் மணந்தது. மகன் தச்சுவேலை செய்கிறான், கூரை போடுகிறவன். ஓடென்ச நகரத்தில் எஞ்சினியர் படிப்புத் தொடங்கி இரண்டாம் வருடம் விட்டுவிட்டான்.

தாரா வர நேரம் இருந்தது. மெதுவாகக் கேட்டேன், "ஏன் தம்பி வாறேல்லை? உண்மையிலை தாராதானோ?"

அவன் டெனிஷில் சொன்னான். "அங்கே நான் எஞ்சினியர், அம்மா. மூன்று வருடமாக அப்பா என்னை ஒரு பாலம் கட்ட அனுப்பி வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு யாரோ ஒரு அங்கிள் எனக்குப் போன் எடுத்து, பாலம் முடிந்ததா என்று கேட்டார். நான் என்ன சொல்ல? நான் வந்தால் அப்பா பொய்யன். அதைவிட வராமல் விடுகிறது லேசு. தாரா நல்ல சாட்டு."

இவர் பாலம் கட்டுவது எனக்கும் தெரியும். அது இவ்வளவு நீளம் என்று தெரியாது. என் பிள்ளை தகப்பனைக் காப்பாற்றத்தான் வராமல் இருந்திருக்கிறான். அவன் கையைப் பிடிக்கப் பார்த்தேன், அதற்குள் அவன் "பார்" என்று வானத்தைக் காட்டினான்.

வந்தன. இருட்டுப் படுகிற வானத்தில் ஐந்தாறு, சிறகு விசிலடிக்க, தாழ. சத்தம் போட்டு ஏச முடியாது, ஆகவே பல்லைக் கடித்து வாய்க்குள் ஏசினேன். முதல் வெடி ஒன்றிலும் படவில்லை. இரண்டாவதில் ஒன்று மடிந்து தண்ணீரில் விழுந்தது. பஸ்ஸே நீந்திப் போய்க் கொண்டு வந்து என் காலடியில் வைத்தது. இளஞ்சூடாக இருந்தது. பாவம் என்றும் இருந்தது, பெருமை என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன, நான் ஒன்றையும் தள்ளிவிடவில்லை.

துவக்குகளை லீனேயின் தகப்பன் வீட்டு இரும்பு அலுமாரியில் பூட்டினோம். அவள் தன்னுடைய காற்சட்டை ஒன்றைத் தந்தாள், அதற்கு மேலேயே சேலையைக் கட்டினேன். கொசுவத்தை அவள் பிடித்தாள், பிடி பிசகாமல்.

"என்னைக் கொண்டுபோய் விடு," என்றேன் மகனிடம். "நீங்கள் இரண்டு பேரும் வாங்கோ."

"வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவோம்," என்றான்.

காரில் போகும்போது இவருக்குப் போன் எடுத்தேன். பின்னால் நாதஸ்வரப் பாட்டும் பிள்ளைகள் கத்துகிற சத்தமும்.

"இஞ்சாருங்கோ, வந்துகொண்டிருக்கிறன். தம்பி கொண்டு வாறான். லீனேயும் வருது."

"ம்."

"அவன் ஏன் வாறேல்லை எண்டு சொன்னவன். உங்கடை பாலத்தாலை. அவன் வந்தால் நீங்கள் பொய்யனாகிப் போவியளாம். அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் வராமல் நிண்டவன்."

சொல்லி முடித்ததும் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு இவர் சொன்னார், "சாப்பாடு ஆறுது. கெதியாய் வாங்கோ."

மண்டபத்துக்கு வந்தபோது மகன் காரை வாசலில் நிறுத்தினான், ஆனால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்கவில்லை. சேலையோடு இருந்துகொண்டேன். நான் இறங்காமல் அவன் திரும்ப முடியாது. அவனுக்கும் தெரியும். கடைசியில் லீனே கையை நீட்டித் திறப்பைத் திருகி நிற்பாட்டினாள். "எனக்குப் பசிக்கிறது," என்றாள்.

சப்பாத்தெல்லாம் சேறு. வாசலில் கழற்றிவிட்டு அவர்கள் இரண்டு பேரும் கம்பளிக் காலுறையோடு, பச்சைக் காற்சட்டையோடு உள்ளே வந்தார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. இவர் மேடையில் மைக்கோடு யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் நிறுத்தினார்.

"என்ரை மனிசி வந்திட்டா," என்றார் மைக்கில். "தாரா சுடப் போனவ. சுட்டாவோ தெரியாது."

நான் தலையை ஆட்டினேன்.

"சுட்டிட்டாவாம்." சனம் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. சால்வையை ஒருதரம் இழுத்து விட்டார். "அது என்ரை மகன். எஞ்சினியர் எண்டு உங்களுக்கெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறன். பாலம் கட்டுறான் எண்டும் சொன்னனான். அது பொய். நான் சொன்ன பொய், அவன் சொன்னதில்லை. அவன் தச்சுவேலை செய்யிறான். கூரை போடுறவன். பக்கத்திலை நிக்கிறது லீனே. ரெண்டு பேரும் ஒண்டாய் இருக்கினம். மூண்டு வருசமாய்."

நூற்றிச்சொச்சம் தமிழர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் முதன்முதலாகக் கண்டேன். மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய காது இரண்டும் சிவந்திருந்தன. திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்து, லீனேக்குப் பக்கத்தில் நகர்ந்து வாசலை மறித்தேன்.

பின்வரிசையில் பிரெடெரிசியாவைச் சேர்ந்த ஒரு வயதான மனிதர், சோற்றுக் கோப்பையோடு எழும்பினார்.

"கூரை வேலையோ?" என்று கேட்டார். "தம்பி, எங்கடை வீட்டுக் கூரை ரெண்டு வருசமாய் ஒழுகுது. எத்தினை பேரைக் கூப்பிட்டாச்சு. ஒருத்தனும் வந்து பாக்கிறானில்லை."

மகன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் ஒழுகுது, அங்கிள்?" என்று கேட்டான். தமிழில்.

"குசினிப் பக்கம். சமைக்கிற சட்டிக்குள்ளை சொட்டுது."

"வாற சனி வந்து பாக்கிறன்."

மேடையில் இவர் மைக்கை நிற்பாட்ட மறந்து மூக்கை உறிஞ்சினார். அது மண்டபம் முழுவதுக்கும் கேட்டது.